ஆடு சொன்ன நாடு

மழையில் நனைந்த ஆட்டின் வாசனைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மண்வாசனைக்குக் கிடைத்த மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. பழைய சாக்கு, கொஞ்சம் புளித்த மோர், பெட்டியடியில் யாரோ மறந்துவிட்ட கம்பளி எல்லாம் சேர்ந்த வாசனை அது. நான் இப்போது குடியிருக்கும் நாட்டில் (பெயரைப் பிறகு சொல்கிறேன், அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்த விதமே வேறு) மழை ஒரு வேலையாக வருவதில்லை, சும்மா பேசிக்கொண்டிருக்க வருகிறது. வீட்டுக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள். காற்று திரும்பும்போதெல்லாம் அந்த வாசனை சமையலறைக்குள் நுழையும். உடனே என் மனைவி கலா, கரண்டியும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். சொன்னால்கூடத் தேவலை.

ஒப்புக்கொள்கிறேன். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு சைக்கிள் வராது, எனக்கு முடிவெடுக்க வராது. ஓட்டலில் சர்வர் வந்து நின்றால் பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவதைக் கை காட்டுவேன். எழுதுவது கவிதையா உரைநடையா என்று தீர்மானிக்க முடியாமல்தான் உரைநடைக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்டவனிடம்தான், குழந்தையோடு போய்க் குடியேற ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

கலா திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சீனியர் நர்ஸ். நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்குக் காலம் கடந்து பிறந்தவள் யாழினி, நாலரை வயது. கலா ராத்திரி டூட்டிக்கு நடுவே படித்து இங்கிலீஷ் பரீட்சையில் தேறினாள். சென்னை ஏஜென்ட், "மேடம், உங்க அனுபவத்துக்கு நியூசிலாந்து, கனடா, ஓமன், அயர்லாந்து, எங்க வேணா ட்ரை பண்ணலாம்" என்றார். அன்று மாலை கலா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்:

"ஏங்க, நைட்டும் பகலும் டூட்டில இருக்கப்போறது நான். பாப்பாவ வெச்சிக்கினு இருக்கப்போறது நீங்க. அவ எந்த ஊர்ல வளரணும்னு நீங்கதான் சொல்லணும். அப்புறம் ஏஜென்ட் சொன்னதுல ஒரு ஆஸ்பத்திரில ஒரு விசயம் சொல்றாங்க..."

அந்த விசயத்தை அவள் விளக்கமாகச் சொன்னாள். நான் போனில் நியூசிலாந்து மேகங்களின் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம், ம்" என்றேன். (கணவர்களின் அகராதியில் "ம்" என்றால் காதில் விழவில்லை என்று பொருள்.)

மறுநாள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் உலகப் படம் ஒன்று வாங்கி வந்து கூடத்துச் சுவரில் ஒட்டினேன். அதன் முன்னால் நின்றுகொண்டு நான் அடைந்த பரவசம் இருக்கிறதே! நியூசிலாந்து, கடலில் யாரோ கை தவறிப் போட்ட இரண்டு இலைகள். கனடா, பனியை மடித்து வைத்த பீரோ. ஓமன், வெயிலின் சொந்த ஊர். இப்படியே பேசிக்கொண்டிருந்தேன். யாழினி தயிர்சாதக் கையால் பசிபிக் பெருங்கடலைத் தடவினாள். கலா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

நான் மட்டும் குழம்பியிருந்தால் பரவாயில்லை. குழம்புவதற்கு எனக்கு இரண்டு ஊரிலும் ஆள் இருந்தது.

விழுப்புரத்தில் என் அக்கா. ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வீடு. கல்லூரி விட்டதும் அங்கே போய்த்தான் ரயிலுக்குக் காத்திருப்பேன். அக்கா தோசையை ஊற்றிக்கொண்டே கனடாவையும் ஊற்றுவாள்.

"டேய் சேகரு, கனடாவுக்குப் போடா. எங்க ஓர்ப்படி பையன் அங்கதான் இருக்கான். தெருவுக்குத் தெரு நம்ம ஆளுங்கதானாம். மொளகாத்தூள்லேந்து மொளப்பாரி வரைக்கும் எல்லாம் கெடைக்குதாம்."

"குளிரும்கா. பனி கொட்டும். குழந்தை..."

"கொட்டட்டுமே! இங்க மட்டும் இன்னா, வெயிலு கொட்டல?"

அந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருந்தது. தோசை சூடாக இருந்ததால் நான் தேடவில்லை. "சரிக்கா, கனடாவே" என்பேன்.

திண்டிவனத்தில் கலாவின் அண்ணன் ஏழுமலை. சாமியானா, நாற்காலி, மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுகிற ஆள். தொழில் காரணமாக, மைக் இல்லாமலே மைக்கில் பேசுவது போலப் பேசுவார்.

"மாப்ள! ஓமன்! நைட்டு ஏறினா காலைல டிபனுக்கு வந்துடலாம். நியூசிலாந்தாம், கனடாவாம், இன்னாத்துக்கு? இங்க ஒரு நல்லது கெட்டதுன்னா நீ வந்து சேர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சிடும். என் தங்கச்சியையும் புள்ளையையும் கண்காணாத எடத்துக்கு இட்டுக்கினு போயி பேஜாரு பண்ணாத!"

தங்கச்சி என்று சொல்லும்போது அந்தக் குரல் உடைந்துவிடும். உடைந்த குரலுக்கு முன் நான் என்ன வாதாட? "சரி மச்சான், ஓமனே" என்பேன்.

ஆக, தினமும் விழுப்புரத்தில் கனடாக்காரனாக ரயில் ஏறுவேன். விக்கிரவாண்டி தாண்டினால் ஜன்னலோரக் காற்று பட்டு நியூசிலாந்துக்காரனாகிவிடுவேன். திண்டிவனத்தில் ஓமன்காரனாக இறங்குவேன். வீட்டுப் படியேறும்போது எந்த நாட்டுக்கும் சேராத அகதியாக இருப்பேன். கலா கதவைத் திறந்து, "இன்னிக்கு எந்த நாடு?" என்று கேட்பாள். கேட்கும் விதத்தில் நாளுக்கு நாள் இனிமை குறைந்துவந்தது.

இந்த நேரத்தில்தான் பிஸ்கெட் வந்தது.

தங்கச்சி பரீட்சையில் தேறினால் குலசாமிக்குக் கெடா வெட்டுகிறேன் என்று ஏழுமலை வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் கலியாணம் முதல் எல்லா நல்ல காரியத்துக்கும் அந்த முனீஸ்வரன்தான், பிரம்மதேசம் போகிற வழியில் ஏரிக்கரையில் இருப்பவர். ஏழுமலை கறுப்புக் கிடா ஒன்றை வாங்கினார். அவருடைய கொட்டகை முழுவதும் நாற்காலி. அதனால் ஆட்டைக் கொண்டுவந்து எங்கள் வாடகை வீட்டுக் காம்பவுண்டுக்குள் கட்டினார். "கொஞ்ச நாளு மாப்ள, மல்லாட்டைக் கொடி போட்டா போதும்."

யாழினி அதற்கு மல்லாட்டைக் கொடியும் (வேர்க்கடலைச் செடிதான்) போட்டாள், தன் பங்கு பிஸ்கெட்டையும் போட்டாள். பிஸ்கெட் என்றே பெயரும் வைத்தாள். அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். "பிஸ்கெட்டு, எங்கப்பாக்கு எங்க போறதுன்னே தெரில." ஆடு அசைபோட்டபடி என்னைப் பார்க்கும். அந்த வீட்டில் என்னை அப்படிப் பார்க்காதது கொசு மட்டும்தான்.

கெடா வெட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அதே ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஏஜென்ட் கெடு வைத்தார். சொல்லாவிட்டால் கலாவின் இடம் வேறு யாருக்காவது போய்விடும். மறுபடி தொடங்க வேண்டுமென்றால் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். சனிக்கிழமை கலா என் எதிரில் வந்து நின்றாள்.

"நாளைக்குச் சாயங்காலம். அதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்லங்க."

"காலையில சொல்லிடறேன்" என்றேன். சத்தியமாகச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் உலகப் படத்தின் மேல் வெயில் அழகாக விழுந்திருந்தது. எல்லா நாடுகளும் பொன்னாக இருந்தன. போச்சு.

ஏரிக்கரையில் ஏழுமலை சொந்தச் சாமியானாவைப் போட்டு அமர்க்களப்படுத்தியிருந்தார். அண்டாக்கள், அடுப்புகள், மசாலா அரைத்த வாசனை, காது கிழியும் பாட்டு. விழுப்புரத்திலிருந்து அக்கா ஒரு வேன் நிறையச் சனத்தோடு வந்து இறங்கினாள். எல்லோர் கண்ணும் முதலில் சாமியைப் பார்த்தது, அடுத்து ஆட்டைப் பார்த்தது. ஆட்டைப் பார்த்த பார்வையில் பக்தி கொஞ்சம் கூடுதல்.

பூசாரி அவசரத்தில் இருந்தார். அவருக்கு மத்தியானம் வேறொரு இடத்தில் வேறொரு ஆடு. பிஸ்கெட்டுக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். ஆடு உடம்பை உதறிச் சிலிர்த்துக்கொண்டால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காத ஆட்டின் மேல் எங்கள் பக்கம் கத்தி வைக்க மாட்டார்கள்.

பிஸ்கெட் சிலிர்க்கவில்லை. மாலையில் இருந்த சாமந்தியைச் சாப்பிட்டது.

இன்னொரு சொம்பு. இன்னொரு சாமந்தி.

"ஏதோ கொறை இருக்குது" என்றார் பூசாரி. "வேண்டுதல் இன்னா?"

"தங்கச்சி நல்லபடியா வெளிநாடு போவணும்னு சாமி" என்றார் ஏழுமலை.

"எந்த நாடு?"

பாட்டை யாரோ நிறுத்திவிட்டார்கள். (இத்தனை நேரம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியும் நிறுத்தாதவர்கள், சரியாக அந்த நொடியில்.) மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

"அது வந்து..." என்றேன்.

"நாட்டச் சொல்லாம உத்தரவு கேட்டா சாமி எப்பிடிய்யா குடுக்கும்? பஸ்சுல ஏறி ஊரு சொல்லாம டிக்கெட்டு கேப்பியா?"

நியாயமான கேள்வி. நான் பதிலுக்குத் தயாராவதற்குள் அக்கா முன்னால் வந்தாள். "கனடா சாமி! தம்பி என்கிட்ட சொல்லிட்டான். ஊத்துங்க!"

"கனடாவா?" ஏழுமலை மைக் இல்லாமல் அதிர்ந்தார். "என்கிட்ட ஓமன்னு சொன்னான்க்கா!"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரத்தில் ஏரியில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன்.

"இன்னா மாப்ள இது? ஊருக்கு ஒரு நாடா?"

"எனக்கென்னவோ நியூசிலாந்துதான்..." என்றேன் நான். அன்றைக்கு நான் வாயே திறந்திருக்கக் கூடாது.

பூசாரி வானத்தைப் பார்த்தார். பிறகு, எல்லாவற்றையும் ஜல்தியாக முடித்துவிட வேண்டும் என்கிற முகத்தோடு சொன்னார். "ஒவ்வொண்ணா சொல்லுங்க. ஊத்தறேன். எதுக்கு சிலுக்குதோ அதான்."

இப்படித்தான் எங்கள் குடும்பத்தின் எதிர்காலம் ஒரு கறுப்புக் கிடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் முதுகலை படித்தவன், கலா மருத்துவத் துறை. யாரும் தடுக்கவில்லை. கலா வேப்பமரத்தடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கனடா!" அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு சொம்பு. ஆடு அசையாமல் நின்று புழுக்கை போட்டது.

"அப்பிடித்தான் போடும், கனடான்னா" என்றார் ஏழுமலை. "ஓமன்! ஊத்து சாமி!" ஒரு சொம்பு. ஆடு தும்மியது. "குட்த்திருச்சி! உத்தரவு குட்த்திருச்சி!"

"தும்முனது அபசகுனம் தம்பி! எங்கனா நல்ல காரியத்துல தும்முவாங்களா?" என்றாள் அக்கா.

"ஆட்டுத் தும்மலுக்கு ஏதுக்கா சகுனம்?"

விழுப்புரம் வேனில் வந்தவர்கள் அக்கா பக்கமும் திண்டிவனத்துக்காரர்கள் ஏழுமலை பக்கமுமாகக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நியூசிலாந்தின் பக்கம் நான் ஒருவன்தான். எனக்கும் ஒரு சொம்பு ஊற்றினார்கள். ஆடு என்னை ஏறிட்டுப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மறுபடி கனடா, மறுபடி ஓமன். பந்தியில் உட்கார்ந்துவிட்ட கிழவர் ஒருவர், "ஏம்பா, சிங்கப்பூர கேட்டுப் பாருங்களேன்" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன்.

ஆட்டுக்குப் பின்னால் யாழினி உட்கார்ந்திருந்தாள். என் தோளிலிருந்த புதுத்துண்டு அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு சொம்புக்குப் பிறகும், பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆட்டின் முதுகையும் காதையும் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். "குளுருதா பிஸ்கெட்டு? இரு இரு" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். துடைத்த ஆடு எப்படி உதறும்?

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆடு காய்ந்திருக்கும் வரைக்கும் நான் முடிவெடுக்க வேண்டியதில்லை என்று என் மனம் கணக்குப் போட்டது. ஏரிக்காற்று இதமாக வீசியது. கவிதை ஒன்று வரும்போல்கூட இருந்தது.

கலாவின் போன் அடித்தது. ஏஜென்ட். சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் அவள் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். "ஏங்க, லைன்ல இருக்காரு. இப்பவாவது சொல்லுங்க."

"கலா, இதுல என்னன்னா, ஒரு பக்கம் பாத்தா நியூசிலாந்து..."

"இன்னொரு பக்கம்?"

"இன்னொரு பக்கம் பாத்தா..."

பொறுமையிழந்த பூசாரி சொம்பை வீசிவிட்டுக் குடத்தையே தூக்கினார். முழுக் குடம். யாழினியின் துண்டு ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் துடைக்க அதில் இடமில்லை. தண்ணீர் ஆட்டின் கொம்பு முதல் வால் வரை இறங்கியது. போனில் ஏஜென்ட், "மேடம், அயர்லாந்து ஆஸ்பத்திரில கேக்கறாங்க, அயர்லாந்து ஓகேவா மேடம்?" என்றார்.

பிஸ்கெட் சிலிர்த்தது.

அது சாதாரணச் சிலிர்ப்பு அல்ல. அதுவரை ஊற்றிய அத்தனை தண்ணீரையும் எங்களுக்கே திருப்பிக் கொடுத்த சிலிர்ப்பு. பூசாரி, அக்காவின் பட்டுப்புடவை, ஏழுமலையின் மீசை, என் கண்ணாடி, கலாவின் போன் எல்லாம் மஞ்சள். நனைந்த ஆட்டின் வாசனை ஏரிக்கரை முழுக்க எழுந்தது.

"உத்தரவு!" என்றார் பூசாரி.

"எந்த நாட்டுக்கு?" என்றது கூட்டம்.

மஞ்சள் சொட்டும் போனிலிருந்து ஏஜென்ட்டின் குரல் வந்தது. "ஹலோ மேடம்? அயர்லாந்து?"

"கன்ஃபார்ம் சார்" என்றாள் கலா. ஒரு மூச்சுக்கூட எடுக்கவில்லை.

"அயர்லாந்தா? அது எங்க இருக்குது?" என்றாள் அக்கா. "ஓமனுக்குப் பக்கத்துலயா?" என்றார் ஏழுமலை, நம்பிக்கையோடு.

நான் கலாவிடம் ஓடினேன். "என்ன கலா, ஆடு சொல்லுதுன்னு..."

"ஆடு சொல்லலீங்க. நான் சொன்னேன். மொத நாளே சொன்னேன். அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரி ஒண்ணுதான் உங்களையும் பாப்பாவையும் என்கூடவே இட்டுக்கினு வரலாம்னு சொல்லிச்சு. மத்த எடத்துக்கெல்லாம் நான் தனியாப் போயி, அப்புறம்தான் உங்களக் கூப்பிடணும். நீங்க 'ம், ம்'னீங்க. சரி, உங்களுக்கு அது புடிக்கல போலன்னு இத்தன நாளா வாய மூடிக்கினு இருந்தேன்."

மேகங்களின் படம் என் கண் முன்னால் வந்து போனது. என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

அத்தோடு முடிந்ததா? கத்தி இன்னும் இருந்தது. கத்தியைப் பார்த்ததும் யாழினி ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். "பிஸ்கெட்டுதான் ஊரு சொல்லிச்சு! ஊரு சொன்னவங்கள யாராவது வெட்டுவாங்களா?"

பூசாரி ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை அண்டாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாக மருமகளைப் பார்த்தார். கலா சொன்னாள், "அண்ணே, இத வெட்டினா அவ பிளேன் ஏற மாட்டா."

"இந்த உத்தரவு நாட்டுக்கு" என்று இழுத்தார் பூசாரி. "ஆட்டுக்குத் தனியாத்தான் கேக்கணும்."

கடைசியாக ஒரு சொம்பு. யாழினி ஆட்டின் கண்ணைப் பார்த்து, "ஆடாத பிஸ்கெட்டு. செல இருக்குமே, அது மாதிரி நில்லு" என்றாள். பிஸ்கெட் நின்றது. பெருமுக்கல் மலை நிற்பது போல நின்றது. ஒரு மயிர்கூட அசையவில்லை. என் வம்சத்தில் இவ்வளவு உறுதியாக ஒரு நிலைப்பாடு எடுத்த முதல் ஜீவன் அதுதான்.

கறிக்கு அரைத்த மசாலா ஆறிக்கொண்டிருந்தது. ஏழுமலை பக்கத்து ஊர்க் கடைகளில் இருந்த முட்டைகளையெல்லாம் அள்ளிவரச் சொன்னார். அன்று சனம் சாப்பிட்டது ஆட்டு மசாலாவில் மிதந்த முட்டை. சாப்பிட்டவர்கள் கை கழுவும்போது என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கவிதையிலும் கொண்டுவர என்னால் முடியவில்லை. இன்றும் எங்கள் சொந்தத்தில் முட்டைக் குழம்புக்கு அயர்லாந்துக் குழம்பு என்றுதான் பெயர். போன மாதம் விழுப்புரத்தில் நடந்த கிரகப்பிரவேசத்தில்கூட, "இன்னிக்கு மட்டனா, அயர்லாந்தா?" என்று யாரோ கேட்டதாக அக்கா போனில் சொன்னாள். இங்கே நான் கடையில் இரண்டு ரொட்டிப் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் போதும், கலா கேட்கிறாள்: "தண்ணி ஊத்தட்டுமா?"

கிளம்பிய நாளன்று ஏழுமலைக்கு ஒரு கல்யாணப் பந்தல் வேலை இருந்தது. விமான நிலையத்துக்கு வர முடியவில்லை. திண்டிவனத்து வீட்டு வாசலிலேயே வழியனுப்பினார். அக்கா சாம்பார்ப்பொடி பாக்கெட்டுகளைக் காரில் திணித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலையின் கையில் பிஸ்கெட்டின் கயிறு. இரண்டு பேரும் ஒரே மாதிரி பெருத்திருந்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது, கேட்டால் அடுப்புப் புகை என்றார். நான் விடைபெறுவதைப் பற்றி இரண்டு வரி யோசித்து வைத்திருந்தேன். ஆரம்பிப்பதற்குள் யாழினி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"மாமா, நாங்க போன அப்பறம் பிஸ்கெட்ட வெட்டிடுவியா?"

ஏழுமலை கயிற்றை இன்னொரு சுற்று கையில் சுற்றிக்கொண்டார்.

"வெட்டுவனாடி கண்ணு? நாளைக்கு உங்கப்பன் இன்னொரு முடிவு எடுக்கணும்னா, யாரப் போயி கேக்கறது?"